மறு: ‘முன்னோடி நிறுவனம்’ – வேறு சொல் உண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கல்வி நிறுவனங்களுக்கான தகவல் பெட்டியில், ஒரு நிறுவனத்துக்கு முன் இருந்தது எது என்று காட்டும் ‘பிரெடிசெசர்’ என்ற கட்டத்துக்குத் தமிழில் என்ன போடுவது என்று ஒரே ஒரு கேள்விதான் வந்தது. அதற்குள் முன்னோடி நிறுவனம், முன்னாள் நிறுவனம், தாய் நிறுவனம், முன்வடிவம், முன்னிறுவனம் என்று ஐந்து சொற்கள் வரிசையில் நிற்கின்றன. இருபத்தைந்து வருடம் கல்லூரி அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். மடல் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘முன்னோடி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

புழக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்தில் முன்னோடிக் கருப்பு என்று ஒரு சாமி உண்டு. ஐயனாருக்கு முன்னால் போகும் காவல் தெய்வம். முன்னால் போகுமே தவிர, எந்தக் காலத்திலும் அது ஐயனார் ஆகிவிடாது. முதலில் செய்தவர், வழி காட்டியவர் என்பதுதான் அந்தச் சொல்லுக்கு இன்றைக்கும் பொருள்.

சென்னை மாநிலக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1840-இல் எழும்பூரில் ஒரு வாடகை வீட்டில் ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியது. மறு வருடமே உயர்நிலைப் பள்ளி. 1853-இல் கல்லூரி வகுப்புகள் வந்தன, 1855-இல் பிரசிடென்சி கல்லூரி என்று பெயர் வந்தது. பவல் என்ற கணிதக்காரர் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக இருந்து, அப்படியே கல்லூரிக்கு முதல்வரும் ஆனார். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான். இதில் யார் முன்னே ஓடியது, யார் பின்னே வந்தது? அந்தப் பள்ளிக்கூடம் யாருக்கும் வழி காட்டவில்லை. அதுவேதான் கல்லூரி ஆயிற்று.

‘முன்னாள் நிறுவனம்’ எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டிலிருந்து ஒருவருக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. அவர் படித்தபோது கல்லூரிக்கு வேறு பெயர். பதில் கடிதத்தில் ‘எமது முன்னாள் கல்லூரி’ என்று எழுதிக் கொண்டுபோனேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு, “ஏம்ப்பா, கல்லூரி என்ன ரிட்டயர்டு ஆயிடுச்சா?” என்று சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். முன்னாள் மாணவர், முன்னாள் அமைச்சர் எல்லாம் சரி. ஆள் இருக்கிறார், பொறுப்பு போய்விட்டது. நிறுவனத்தில் நடப்பது நேர் எதிர்: பொறுப்பு அப்படியே இருக்கிறது, பெயர்தான் போய்விட்டது.

‘முன்வடிவம்’ நல்ல சொல்தான், ஆனால் சட்டமன்றம் அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. சட்ட முன்வடிவு என்றால் இன்னும் நிறைவேறாதது. 1840 பள்ளிக்கூடத்தை நிறைவேறாத கல்லூரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> ‘முன்னிறுவனம்’ இலக்கணப்படி சரி. முன் + நிறுவனம், முன்னிலை போல.

ஐயா, சரிதான். புணர்ச்சியில் குற்றமே இல்லை. ஆனால் முதல் தடவை படிப்பவர் முன் + இறுவனம் என்று பிரித்து, இறுவனம் எந்தக் காடு என்று தேடுவார். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது: எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி மாறுவதில்லை. புணர்ச்சி என்றதும் எனக்குத் தோன்றியது அதுதான்.

தோன்றல், திரிதல், கெடுதல் என்று பள்ளியில் மூன்றைப் படித்தோமே, நிறுவனங்களுக்கும் அப்படியே நடக்கிறது. மாநிலக் கல்லூரி திரிதல். வடக்கே ரூர்க்கியில் உள்ள பொறியியல் கல்லூரியும் அதே கதை. 1847-இல் தொடங்கி, தாமசன் கல்லூரியாகி, 1949-இல் ரூர்க்கிப் பல்கலைக்கழகமாகி, 2001-இல் ஐஐடி ஆனது. பெயர்ப்பலகையைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்கள், உள்ளே இருந்தது ஒன்றே. அண்ணா பல்கலைக்கழகம் அப்படியல்ல. 1978-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்து அமைத்தார்கள். அந்த நான்கில் ஒன்றுகூடக் கெடவில்லை, இன்றைக்கும் அதே பெயரில் உள்ளேயே இருக்கின்றன. கிண்டியில் படிக்கும் பிள்ளையிடம் எந்தக் கல்லூரி என்று கேட்டுப் பாருங்கள், “சிஇஜி” என்று கிண்டிக் கல்லூரியின் ஆங்கிலச் சுருக்கத்தைத்தான் சொல்லும், பல்கலைக்கழகத்தின் பெயர் இரண்டாவதாக வரும். உயிரோடு இருப்பதை ‘முந்தையது’ என்று எப்படி எழுதுவது?

1982-இல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் இன்னொரு வகை. சென்னைப் பல்கலைக்கழகம் திருச்சியில் நடத்திய முதுகலை மையம் தனிப் பல்கலைக்கழகமாக எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் எங்கும் போய்விடவில்லை. ‘தாய் நிறுவனம்’ சொன்ன அம்மாவின் சொல் இந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. மற்ற இடங்களில் அதைப் போட்டால் தாய் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அப்புறம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. யாழ்ப்பாண நண்பர் கேட்ட கேள்விதான் இந்த இழையிலேயே கடினமானது என்பேன்.

> செமினரியை யாழ்ப்பாணக் கல்லூரிக்கு ‘முன்’ என்று போடலாமா, கூடாதா?

அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற கல்விக்கூடத்தைத் தொடங்கியது. 1855-இல் மூடிவிட்டார்கள். ஆங்கிலப் படிப்பு சபைக்கு ஊழியர்களைத் தராமல் அரசு உத்தியோகத்துக்கு ஆள் தயாரிக்கிறது, தாய்மொழிக் கல்வியே போதும் என்று மிஷன் முடிவெடுத்ததுதான் காரணம். இரண்டு வருடம் கழித்து, 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டம் இரண்டே பேருக்குக் கிடைத்தது: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் அந்தச் செமினரியில் படித்தவர்கள். பட்டம் வந்தபோது படித்த இடம் பூட்டிக் கிடந்தது! 1872-இல் அதே வளவில், அதாவது அதே வளாகத்தில், யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதோடு முடியவில்லை. 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, கலைப் பிரிவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் சேர் பொன். இராமநாதன் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரியிலும், விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் பிரிவு இருந்த இடத்திலும் நடந்தன. 1979-இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆனது. யாழ்ப்பாணக் கல்லூரியோ பள்ளிக்கூடமாக இன்றைக்கும் நடக்கிறது.

இதை ஒரு சொல்லில் அடைக்க முடியுமா? 1855 கெடுதல், 1872 தோன்றல், நடுவில் பதினேழு வருடம் வெறுமை. மண் ஒன்று, நோக்கமும் ஏறக்குறைய ஒன்று. நிறுவனம் ஒன்றா?

அலுவலகத்தில் இதற்கு எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. பெரிய அறிவாளித்தனம் ஒன்றும் இல்லை. இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் சேர்க்கை நீக்கப் பதிவேட்டைத் தூக்கி மேசையில் போட்டுப் புரட்ட வேண்டும். பெயர் மாறிய பக்கத்தில் எழுத்தர் சிவப்பு மையில் குறுக்குக் கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே புதுப் பெயரை எழுதியிருப்பார். அடுத்த மாணவனின் சேர்க்கை எண் 1846-க்கு அடுத்து 1847 என்று போனால், அது பழைய நிறுவனமேதான். சட்டை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். கோட்டுக்குக் கீழே 1 என்று தொடங்கினால் புதுப் பிள்ளை. யாருக்குச் சான்று கொடுக்கலாம், யாரை வேறு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

இதில் ஒரு கௌரவப் பிரச்சினையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நாம் எந்தச் சொல்லை வைக்கிறோமோ அது நிறுவப்பட்ட ஆண்டையும் தீர்மானித்துவிடும். கிண்டிக்காரர்கள் 1794 என்பார்கள்: மைக்கேல் டாப்பிங் யோசனையில் புனித ஜார்ஜ் கோட்டையில் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளி. பொறியியல் கல்லூரி என்ற பெயர் வந்தது 1859-இல், கிண்டிக்கு வந்தது 1920-இல். பள்ளியை அதே நிறுவனம் என்று எண்ணினால் ரூர்க்கியைவிட அரை நூற்றாண்டு மூப்பு. ‘முன்னோடி’ என்று தள்ளிவைத்தால் ரூர்க்கிக்குத் தம்பி. எல்லாரும் பின்னால் நீட்டிக்கொண்டே போவதில்லை என்பதும் வேடிக்கை. சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்கு 1835-இல் எழும்பூரில் நடந்த சிறு பள்ளி ஒன்றும் உண்டு. ஆனால் கல்லூரி தன் வயதை எண்ணுவது 1837-இல் ஜான் ஆண்டர்சன் அர்மீனியன் தெருவில் தொடங்கிய பள்ளியிலிருந்துதான். இரண்டு வருட மூப்பை அவர்களே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்!

சரி, சொல்லுக்கு வருகிறேன். எண் தொடர்கிற வகைக்கு ‘முன்னுரு’ போடலாம் என்பது என் முன்மொழிவு. உரு மாறியது, உயிர் அதுவே என்பதை அது சொல்லிவிடுகிறது. புரோட்டோடைப்புக்கு மென்பொருள்காரர்கள் ‘முன்மாதிரி’ வைத்திருப்பதால் அவர்களோடும் மோதாது. ‘மாநிலக் கல்லூரியின் முன்னுரு: சென்னை உயர்நிலைப் பள்ளி’ என்று எழுதிப் பார்த்தேன், வாய்க்கு வருகிறது. 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆன விவசாயப் பள்ளிக்கும் இதுவே போதும். ஊர் மாறினால் என்ன, உரு என்பதில் ஊரும் அடக்கம்தான்.

மற்ற வகைகளுக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆங்கிலப் பெட்டியில் பெயர்ச்சொல் இருக்கிறது என்பதற்காக நாமும் ஒன்றைத் தேடி அலைகிறோம். நம் ஊரில் இதை வினையில்தான் சொல்லுவார்கள். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் வளைவில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து ‘ஜில்லா போர்டு ஹைஸ்கூல்’ எழுத்துகள் எட்டிப் பார்க்கும். பேருந்து நடத்துநருக்கு அது இன்னும் போர்டு ஸ்கூல் நிறுத்தம்தான். அங்கே யாரிடம் கேட்டாலும், “போர்டு ஸ்கூல்தான் கவர்மென்ட் ஸ்கூல் ஆச்சு” என்பார்கள். இதற்கு முந்தையது எது என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஆகவே பெட்டியில் ஒரு கட்டத்துக்குப் பதிலாக, பொருந்தும் வினையை நிறுவனத்துக்கு ஏற்றபடி காட்டச் சொல்லலாம். அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ‘சேர்ந்து அமைந்தவை’ என்று நான்கு பெயர்கள். பாரதிதாசனுக்கு ‘பிரிந்தது: சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து’. அம்மா சொன்ன தாய் நிறுவனத்தை இதற்கு மாற்றாகவும் வைத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை. நிரலில் இது முடியுமா என்று பெட்டியைக் கட்டுகிற தம்பி சொல்லட்டும்; ஒரே கட்டம்தான் முடியும் என்றால் ‘முன்னுரு’வை மட்டும் வைத்துக்கொண்டு, பொருந்தாத நிறுவனங்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதே மேல்.

வட்டுக்கோட்டைக்கு மட்டும் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. ‘அதே வளவில் எழுந்தது’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாண நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: 1872-இன் சேர்க்கைப் பதிவேடு யார் கையிலாவது இருந்தால், முதல் மாணவனின் எண் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்.