அரசவை வரலாற்றாசிரியர்: ஒரே சொல் போதுமா?

வணக்கம்.

அரசன் அவையில் இருந்து வரலாறு எழுதுபவரைக் குறிக்கும் 'கோர்ட் ஹிஸ்டோரியன்' என்பதற்குத் தமிழில் எதை வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: அவைக்களப் புலவர், மெய்க்கீர்த்தியர், ஆஸ்தான சரித்திரக்காரர். மதுரை வட்டாரக் கல்வெட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் நூலில் இந்தச் சொல் ஏறப்போகிறது. ஆகவே நம் பக்கத்துச் சான்றுகளில் உரசிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.

பாண்டியரின் நிலக்கொடை ஆவணமான வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்கிறேன். பத்து ஏடுகள், வடமொழிப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி வட்டெழுத்தில். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டு. பழைய பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி தம் முன்னோருக்குக் கொடுத்த ஊர் களப்பிரர் காலத்தில் பறிபோனது என்று கூடலில் (மதுரையில்) ஒருவர் முறையிடுகிறார். பழைய உரிமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான் அரசன். அவரும் காட்டிப் பெறுகிறார். நடந்தது ஒரு நில வழக்கு. கடுங்கோன் முதல் வரும் வமிச வரிசையும் போர்களும் அந்த வழக்கின் நடுவே வருகின்றன. பாண்டிய வரலாற்றின் முதுகெலும்பாக நாம் வைத்திருக்கும் பகுதி அதுதான்.

இதைச் செய்தவர்கள் யார் என்று செப்பேடே சொல்கிறது. வடமொழிப் பகுதியை இயற்றியவர் ஒருவர். தமிழில் பிரசஸ்தி (அரசன் புகழுரை) பாடியவர் சேனாபதி ஏனாதி சாத்தஞ்சாத்தன். பொறித்தவர் யுத்தகேசரிப் பெரும்பணைக்காரன். ஆணையை நிறைவேற்றிய ஆணத்தி, மாறங்காரி. நான்கு கைகள். சேனாபதி, ஏனாதி இரண்டுமே படைத்துறைப் பட்டங்கள். அவரைப் போய் 'அவைக்களப் புலவர்' என்று எழுதினால் பிள்ளைகள் மனத்தில் நக்கீரர்தான் வந்து நிற்பார். அந்தச் சொல்லை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

'மெய்க்கீர்த்தியர்' காதுக்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் மெய்க்கீர்த்தி என்பது கல்வெட்டின் தலைப்பகுதி மட்டும். அரசன் புகழைச் சொல்லி, பெயரையும் யாண்டையும் (ஆட்சியாண்டு) சொன்னதும் அது முடிந்துவிடும். தானம், எல்லை, வரிநீக்கம், கையெழுத்து எல்லாம் அதற்குப் பிறகு. முதலாம் ராசராசன் காலத்தில் நிலைபெற்ற வழக்கம் இது. வாசகம் ஒன்றுதான், புது வெற்றி வந்தால் ஓர் அடி கூடும். காந்தளூர்ச்சாலை வெற்றியோடு நிற்கும் கல்வெட்டு முந்தியது, ஈழமும் இரட்டைபாடியும் (சாளுக்கிய நாடு) சேர்ந்தது பிந்தியது என்று அடியை வைத்தே ஆண்டைக் கணிக்கிறோம். அந்த வாசகத்தை யார் யாத்தார் என்பதைப் பெரும்பாலும் கல் சொல்வதில்லை. பெயர் தெரியாத ஆளுக்குப் பதவிப் பெயர் கொடுத்தால், அப்படி ஒரு பதவி இருந்ததாகவே படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

பாண்டியர் பக்கம் இன்னொரு சிக்கல். மாறவர்மன் சுந்தரபாண்டியன் முதலில் 'சோணாடு (சோழநாடு) கொண்டருளிய', பிறகு 'சோணாடு வழங்கியருளிய' ஆகிறான். வென்ற நாட்டைத் திருப்பிக் கொடுத்த அரசியல், பட்டத்தில் ஒரே வினையாக உட்கார்ந்திருக்கிறது. இந்த மாற்றத்தைக் கவனிப்பவரே அவன் கல்வெட்டுகளை முன்பின் வரிசையில் அடுக்க முடியும். யாண்டோ 'இரண்டாவதின் எதிர்' என்று தொடங்கி வேறோர் எண்ணில் முடியும். இரண்டு எண்ணையும் கூட்ட வேண்டும் என்று தெரியாதவர் பாதியை விட்டுவிடுவார். கலி போல அரசன் மாறினாலும் தொடர்ந்து எண்ணும் தொடர் ஆண்டு ஒன்று கிடைக்காமல் ஆட்சியாண்டு அந்தரத்தில்தான் நிற்கும். ஒத்தக்கடை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் அது கிடைக்கிறது: கலி 3871, அதாவது கி.பி. 770. அங்கே கோயில் எடுத்தவர் மாறன் காரி, செப்பேட்டின் ஆணத்தியான அதே மாறங்காரி. அந்த ஒரு பெயரால்தான் குன்றும் செப்பேடும் ஒரே காலத்தில் இணைகின்றன. (எடுத்தவர் குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் செய்து முடித்தார் என்பதையும் கல் சொல்கிறது.)

ஆகவே என் பரிந்துரை இரண்டு சொற்கள். அரசன் ஆணைப்படி நூலாக எழுதுபவர் 'அரசவை வரலாற்றாசிரியர்'. அக்பரின் வரலாற்றை எழுதிய அபுல் பசல் இந்த வகை. அன்றன்று நடந்ததைக் குறிப்பவர் 'நிகழ்வெழுத்தர்'. முகலாயரின் 'வாகியா நவீஸ்' அதுவே. வேள்விக்குடிக்கு எந்தப் பதவிப் பெயரும் வேண்டாம். செப்பேட்டுச் சொல்லை ஒட்டி 'பிரசஸ்தி பாடியவர்' என்றே எழுதலாம்.

*

ஐயா, வணக்கம்.

அவைக்களப் புலவரை விலக்கியது சரி. 'எழுத்தர்' மட்டும் உறுத்துகிறது. தாலுகா ஆபீஸ் எழுத்தர்தான் நினைவுக்கு வருகிறார். கொரியாவின் சோசன் அரசில் இருந்த குறிப்பாளர்களுக்கு அது பொருந்தாது. அவர்கள் எழுதிய குறிப்பை அரசனே பார்க்கக் கூடாது. அரசன் இறந்த பிறகுதான் அதிலிருந்து ஆட்சி வரலாறு தொகுக்கப்படும். 1404இல் அரசர் தேஜோங் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்தபோது, இது குறிப்பாளருக்குத் தெரிய வேண்டாம் என்றார். அவர் அப்படிச் சொன்னதும் சேர்த்தே எழுதப்பட்டது. அரசனே அஞ்சும் பதவிக்கு 'எழுத்தர்' சிறியது. 'பதிவர்' என்றால் வலைப்பூக்காரர். 'திருமந்திர ஓலை' என்று சோழர், பாண்டியர் கல்வெட்டில் வரும் பதவியையே எடுத்தால் என்ன?

*

அம்மா, திருமந்திர ஓலை அரசன் வாய்மொழியை ஆணையாக எழுதுபவர். அவர் கையில் இருந்தது அரசாணை; வரலாறு எழுதுவது அவர் வேலையில்லை. அந்தப் பெயரை இங்கே கொண்டுவந்தால் கல்வெட்டுப் படிப்பவருக்குக் குழப்பம் மிஞ்சும். நாயக்கர் கால 'ராயசம்' (அரசனின் கடித எழுத்தர்) என்பதையும் அதே காரணத்தால் தொட வேண்டாம்.

எழுத்தர் பற்றிய மறுப்பை ஏற்கிறேன், பாதியளவுக்கு. அக்பர் அவையில் இப்படிக் குறிப்பெழுதப் பதினான்கு பேர்; நாளைக்கு இருவராக முறை மாறி வருவார்கள். எழுதியதைத் திருத்தி, பாதுஷா முன் வைத்து, ஒப்புதல் பெற்று, பிறகே படி எடுத்துக் கையெழுத்திடுவார்கள். அது உள்ளபடியே எழுத்தர் வேலை. எழுதப்பட்டவரே ஒப்புதல் தருவதால் அவருக்கு ஆகாதது அதில் தங்குவது அரிது. சோசனில் ஒப்புதலே இல்லை. வேறுபாட்டின் வேர் அங்கே இருக்கிறது. சொல்லும் அதைக் காட்டட்டும்.

பொதுச்சொல்லாக 'நிகழ்வுக் குறிப்பாளர்' வைப்போம். முகலாய அலுவலருக்கு மட்டும் 'நிகழ்வெழுத்தர்'. பன்மை, வேற்றுமை எல்லாம் இரண்டிலும் தடையில்லாமல் வருகின்றன; பெண்பாலுக்குத் தனி வடிவம் வேண்டியதில்லை. 'ஆஸ்தான சரித்திரக்காரர்' பழைய நூல் மேற்கோள்களில் மட்டும் இருக்கட்டும்.

காஷ்மீர் அரசர் வரலாறான ராஜதரங்கிணியை எழுதிய கல்ஹணரை 'அரசவை வரலாற்றாசிரியர்' எடுத்துக்காட்டுப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த நூலை அவர் எந்த அரசன் சம்பளத்திலும் எழுதவில்லை. 1803இல் தஞ்சை மராத்திய அரசர் சரபோஜி ஆணையில் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் பொறித்த, அவர் குடும்பமான போன்ஸலே வமிச சரித்திரத்தை அந்த இடத்தில் எடுத்துக்காட்டாகத் தரலாம். ஆணை, நூல், கல் மூன்றும் அதில் ஒன்றாகக் கிடைக்கின்றன.