லெபர் பார்வை நரம்பு நோய்: ஐடிபெனோன் வரவழைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டை. என் அக்கா மகனுக்கு 19 வயது. மூன்று மாதத்துக்கு முன் வலது கண்ணில் நடுப்பார்வை மங்கியது, வலியே இல்லை. இப்போது இடது கண்ணும். மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் பகுதி) டிஎன்ஏ பரிசோதனையில், இந்த லெபர் நோயைத் தரும் 11778 மாற்றம் என்று வந்திருக்கிறது.

இது தாய்வழியாக மட்டுமே வருவது. அதைக் கேட்டதிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் தப்பு எதுவும் இல்லை என்று எத்தனை முறைதான் சொல்வது!

ஐரோப்பாவில் 2015 முதல் ஐடிபெனோன் மாத்திரைக்கு அனுமதி உண்டு. செல்லின் ஆற்றல் சங்கிலியில் பழுதான இடத்தைச் சுற்றி எலக்ட்ரானைக் கடத்திவிடும். உயிரோடு இருக்கும் நரம்பு செல்களுக்குத்தான் பயன், அதனால்தான் இந்த அவசரம். எல்லோருக்கும் பலிக்காது என்பது தெரியும். மரபணு சிகிச்சை இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு மருந்தை இறக்குமதி செய்ய அனுமதி கேட்கும் படிவம் 12ஏ போட்டு சொந்த உபயோகத்துக்கு இந்த மாத்திரையை வரவழைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எத்தனை நாள் ஆனது, எவ்வளவு செலவு?

அப்புறம், பார்வை குறைந்தவர்களுக்கான பயிற்சி ராயபுரம், பெரம்பூர் பக்கம் எங்காவது கிடைக்குமா? பஸ் நம்பர்கூட அவனுக்குத் தெரிவதில்லை. அவன் தம்பிக்கு 14 வயது. அவனுக்கும் இப்போதே பரிசோதனை செய்வதா, காத்திருப்பதா? இதே நிலையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்?