ஜெர்மன்ல ஆச்சரியப்படுறது எப்படிங்க?

முத்தியால்பேட்டை பொண்ணு:
நர்ஸ் வேலைக்காக பாண்டில ஜெர்மன் பி1 லெவல் படிச்சிட்டிருக்கேன், கிளாஸ்ல "இஷ் பின் யூபராஷ்ட்" (எனக்கு ஆச்சரியமா இருக்கு)னு சொல்லிக் குடுத்தாங்க, ஆனா யூட்யூப்ல பாத்தா ஒருத்தரும் அப்படி பேசுறதே இல்ல. நம்ம "அய்யய்யோ", "அட நெஜமாவா" மாதிரி என்னதான் சொல்வாங்க?

கடலூர் ஓடி:
"எஷ்ட்?" (நெஜமாவா?) ஒண்ணு போதும். ஆனா "எஷ்ட் யெட்ஸ்ட்?"னு இழுத்தா கடுப்புல கேக்குற மாதிரி ஆயிடும், டோன் பாத்துக்கோங்க.

ஸ்டுட்கார்ட் அக்கா:
நான் இங்க ஆஸ்பத்திரிலதான்மா இருக்கேன். சின்னப் பசங்களுக்கு நல்லதுக்கும் "க்ராஸ்", கெட்டதுக்கும் "க்ராஸ்", கூட ஒரு நீட்டு "போவா". வயசான பேஷண்ட் கிட்ட அத விட "நா ஸோ வாஸ்!" (அட, அப்படியா!) நல்லாருக்கும், பேரன் பொறந்திருக்கான்னு போட்டோ காட்டினா "டாஸ் இஸ்ட் யா டோல்!" (சூப்பரா இருக்கே!)னு சொல்லு, முகமே மலர்ந்துடும். நம்பவே முடியலன்னா "டாஸ் கிப்ட்ஸ் டோஹ் நிஷ்ட்!". நம்மாளுங்க நிறைய பேரு இதுக்கு "ஆஹ் ஸோ" போடுறாங்க, அது பெரும்பாலும் "ஓ, இப்ப புரியுது"ங்கிறதுக்குத்தான்.

முத்தியால்பேட்டை பொண்ணு:
சூப்பர்கா! ஸ்பீக்கிங் எக்ஸாம்ல "க்ராஸ்" சொல்லலாமா?

கடலூர் ஓடி:
எதுக்கு ரிஸ்க்கு, "விர்க்லிஷ்?" (உண்மையாவா?) போடுங்க, சேஃப்.