கெப் வாகனத்தில் ஏபிஎஸ் லைட் அணையவில்லை: மொடியூலை மாற்றத்தான் வேண்டுமா, திருத்தலாமா?

மீன்கெப்_திருமலை:

எல்லாருக்கும் வணக்கம். கொட்பேயில் மீன் ஏற்றி ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் கொண்டுபோவதுதான் என் தொழில். வாகனம் 2008 ஜப்பான் டபுள் கெப், டீசல், நாலு சில்லுக்கும் ஏபிஎஸ் (சடாரென்று மிதித்தாலும் சில்லு இறுகாமல் பார்க்கும் அமைப்பு) உள்ளது. முதலில் ஏபிஎஸ் லைட் எப்போதாவது எரியும், அதுவும் நல்ல வெயிலில் நெடுந்தூரம் ஓடியபிறகு. நிறுத்தி ஆறவிட்டால் அணைந்துவிடும். இப்போது சாவி போட்டதிலிருந்து அணைவதே இல்லை, போதாததற்கு சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிகிறது. ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருக்கிறது, பிரேக் ஒயில் மட்டமும் சரி. பெடல் வழக்கம்போல் கெட்டியாக இருக்கிறது, பிரேக்கும் பிடிக்கிறது.

ஸ்கேன் போட்ட இடத்தில் பம்ப் மோட்டர் சர்க்கிட் என்று ஒரு பழுதுக் கோட் வந்தது. உடனே ஏபிஎஸ்ஸை இயக்கும் மொடியூல் போய்விட்டது, முழுசாக மாற்று என்றார்கள். ஒரு வயரைக்கூட தொட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் கேட்ட விலையைக் கொடுத்தால் இந்த மாதம் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. இன்னொருவர், ஏபிஎஸ் பியூஸைக் கழற்றிவிட்டு ஓடு, அந்தக் கால வாகனமெல்லாம் இது இல்லாமல்தானே ஓடின என்கிறார். கந்தளாய் தாண்டினால் இரவில் யானை ரோட்டில் நிற்கும், மாரி மழையும் தொடங்கிவிட்டது, எனக்கு அதில் மனமில்லை. மொடியூலைத் திருத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பழுது உண்மையில் அதில்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கந்தளாய்_பாஸ்:

தம்பி, பியூஸ் கழற்றும் கதையை முதலில் விடுங்கள். அந்தக் காலக் கெப்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் நடுவில் ஒரு கம்பியோடு லோட் வால்வு இருக்கும். பின்னால் பாரம் இல்லாவிட்டால் பின் சில்லுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அது குறைக்கும். பிறகு வந்த பல வாகனங்களில் அதை எடுத்துவிட்டு அந்த வேலையை ஏபிஎஸ் மொடியூலிடமே கொடுத்துவிட்டார்கள், ஈபிடி என்பது அதுதான். மஞ்சள் லைட் மட்டும் எரிந்தால் பெரும்பாலும் ஈபிடி வேலை செய்துகொண்டிருக்கும். சிவப்பும் சேர்ந்து எரிந்தால் அதுவும் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மீன் ஏற்றிப் போகும்போது உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. வெறும் வாகனமாகத் திரும்பி வரும்போது, ஈர ரோட்டில் சடாரென்று மிதித்தால், முன் சில்லுக்கு முன்னமே பின் சில்லு இறுகி வால் சுழன்றுவிடும். திருத்தும்வரை அந்த ரோட்டில் இரவு ஓட்டத்தைத் தவிருங்கள்.

அந்தச் சிவப்பு லைட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மோட்டர் மட்டும் பழுதென்றால் பல வாகனங்களில் மஞ்சளோடு நின்றுவிடும், ஏனென்றால் ஈபிடிக்கு வால்வு போதும், மோட்டர் தேவையில்லை. இரண்டும் எரிகிறது என்றால் வால்வையே இயக்க முடியவில்லை. ஒன்று மொடியூலுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகவில்லை, இல்லையென்றால் உள்ளே சர்க்கிட் போர்ட்டில் பழுது. முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதற்குக் காசு கொடுக்காதீர்கள். மீன் பெட்டியிலிருந்து உப்பும் ஐஸ் தண்ணியும் வடிந்து செசியிலேயே ஊறும் வாகனம் உங்களுடையது, என் சந்தேகம் முதலில் ஏர்த் (மைனஸ் பக்கம் செசியில் பூட்டும் வயர்) மேல்தான்.

மல்டிமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். வயரில் ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் அது 12 வோல்ட் என்று காட்டும், ஆனால் மோட்டர் கேட்கும் கரண்ட் அந்த இழையால் போகாது. பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு மொடியூல் பிளக்கை எடுங்கள். பிறகு மைனஸைத் திரும்பப் பூட்டி, பிளக்கில் உள்ள தடித்த பிளஸ் பின்னுக்கும் தடித்த ஏர்த் பின்னுக்கும் நடுவில் ஒரு ஹெட்லைட் பல்பைக் கொடுத்துப் பாருங்கள், 55 வாட் பல்ப் ஏறத்தாழ 4.5 அம்பியர் இழுக்கும். பற்றரியில் நேரே கொடுத்தால் எப்படி எரியுமோ அதே வெளிச்சம் வரவேண்டும். பல்ப் எரியும்போதே அந்த ஏர்த் பின்னுக்கும் பற்றரி மைனஸுக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. பிளக் பின்கள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்றும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கிண்ணியா_நானா:

பாஸ் சொன்னதோடு ஒன்றைக் கேட்கிறேன். லைட் வரத்தொடங்கிய காலத்தில், வாகனம் நிற்கப்போகும் கடைசி நேரத்தில் காரணமே இல்லாமல் பெடல் அதிர்ந்ததா? அப்படி இருந்தால் மொடியூலை மறந்துவிட்டு சில்லு சென்சரைப் பாருங்கள். எங்கள் பக்கம் வள்ளம் இழுக்க வாகனத்தைக் கடலுக்குள் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கெப்களில் சென்சர் உட்காரும் இடத்தில் துரு ஏறி சென்சரை மேலே தள்ளிவிடும். இடைவெளி கூடினால் மெதுவாகப் போகும்போது சிக்னல் விட்டுப்போகும், மொடியூலோ அந்தச் சில்லு இறுகிவிட்டதென்று நினைத்து பிரேக்கை விடுவிக்கும். இரண்டு வயர் கொயில் சென்சர் என்றால் பெரும்பாலும் 1, 2 கிலோ ஓம் அளவில் காட்டும். புது மாதிரி சென்சரை ஓம் வைத்துப் பார்க்கவே கூடாது, ஸ்கேனில் நாலு சில்லின் வேகத்தையும் ஓடும்போது ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும்.

மீன்கெப்_திருமலை:

நானா, பெடல் அதிரவே இல்லை. ஸ்கேனில் நாலு சில்லும் ஒரே வேகம்தான் காட்டின.

பாஸ் அண்ணா, நீங்கள் சொன்ன பல்ப் டெஸ்ட் செய்தேன். பல்ப் சிவந்து மங்கலாகத்தான் எரிந்தது. ஏர்த் வயரைப் பின்தொடர்ந்து போனால், செசியில் பூட்டிய போல்ட்டின் அடியில் முழுக்கத் துரு. சுரண்டி, புது லக் அடித்துப் பூட்டினேன், இப்போது பல்ப் பளிச்சென்று எரிகிறது, மீட்டரும் 0.05 வோல்ட் காட்டுகிறது. ஆனால் ஸ்கேனரால் பழுதுக் கோட் அழித்தாலும் இரண்டு லைட்டும் திரும்ப வருகின்றன. எனக்கு மோட்டர் வயர் வெளியே தனிப் பிளக்காக இருக்கிறது, பியூஸ் போட்ட வயரால் ஒரு கணம் நேரே கரண்ட் கொடுத்தேன், மோட்டர் நன்றாகச் சுற்றுகிறது. அப்படியென்றால் போர்ட்தானே?

உவர்மலை_எலக்ட்ரோனிக்ஸ்:

ஆம், போர்ட்தான். சூட்டில் வந்து ஆறினால் போனது என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள், அது ஈயப்பற்று வெடித்ததற்கான அடையாளம். இஞ்சின் சூடு, ரோட்டு அதிர்வு, மோட்டர் இழுக்கும் கரண்ட், இந்த மூன்றும் சேர்ந்து தடித்த பின்களைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு விழும்.

பலரும் பயப்படுவது பிரேக் குழாயைக் கழற்ற வேண்டுமே என்றுதான். இந்த மாதிரி யூனிட்டில் பெரும்பாலும் தேவையில்லை. அலுமினியக் கட்டி ஒன்று, அதில் ஒரு பக்கம் மோட்டர், மறுபக்கம் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி. அந்தப் பெட்டிதான் நமக்கு வேண்டியது. பற்றரி மைனஸைக் கழற்றி, சுற்றிவர நன்றாகத் துடைத்துவிட்டு, பெட்டியைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஆணிகளை அதற்குரிய டோர்க்ஸ் சாவியால் கழற்றுங்கள். அளவு சரியில்லாத சாவியைப் போட்டுத் தலையை அரைத்துவிட்டால் பிறகு பெரும்பாடு. நேராக வெளியே இழுங்கள், சரிக்கக் கூடாது. கொயில்கள் பெட்டியோடு வரும், வால்வுத் தண்டுகள் கட்டியிலேயே நிற்கும், ஒயில் ஒரு சொட்டும் வரக்கூடாது. பெட்டிக்கும் கட்டிக்கும் நடுவில் பிரேக் ஒயில் ஈரம் இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், வால்வு கசிகிறது, போர்ட்டைத் திருத்திப் பயனில்லை.

மூடி ஒட்டித்தான் இருக்கும். மெல்லிய பிளேட்டால் விளிம்பைச் சுற்றி ஆழம் போகாமல் வெட்டித் திறக்கவேண்டும். உள்ளே சாதாரண சர்க்கிட் போர்ட் இருந்தால் நல்ல காலம். பழைய ஈயத்தை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, பின் நன்றாகச் சூடாகும்வரை பிடித்துப் புது ஈயம் வைக்கவேண்டும், மேலே மேலே ஈயம் பூசினால் சீக்கிரமே திரும்ப வெடிக்கும். வெள்ளைப் பீங்கான் தட்டில் மயிரிழை போன்ற அலுமினியக் கம்பிகளும் மேலே ஜெல்லும் இருந்தால் தொடவே வேண்டாம், சாதாரண ஈயம் அலுமினியத்தில் ஒட்டாது, அதற்கு வேறு மெஷின் வேண்டும். மூடும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கனைப் பாவிக்காதீர்கள், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். மணமில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் காற்றோட்டத் துளை இருந்தால் அதை அடைக்கவும் கூடாது.

பீங்கான் வகை என்றால் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் பாவித்த ஒன்றைத் தேடலாம், ஆனால் பாகத்தின் இலக்கம் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்கவேண்டும். ஒரே மொடல் கெப்பிலும் ஃபோர் வீலுக்கு வேறு, டூ வீலுக்கு வேறு. சிலவற்றை வாகனத்துக்கு ஏற்பக் கோடிங் செய்தால்தான் ஏற்றுக்கொள்ளும். பிழைத்தால் திருப்பி எடுப்போம் என்று எழுதித் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள்.

மீன்கெப்_திருமலை:

சாதாரண போர்ட்தான் இருந்தது! லென்ஸ் வைத்துப் பார்த்தபோது மோட்டர் பின் இரண்டையும் கரண்ட் வரும் பின்னையும் சுற்றி வெடிப்பு அப்படியே தெரிந்தது. டிவி திருத்தும் நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஈயம் வைத்துத் தந்தார். பூட்டி, பழுதுக் கோட் அழித்தேன். சாவி போட்டதும் இரண்டு லைட்டும் எரிந்து சில விநாடியில் அணைந்துவிட்டன, புறப்பட்டு மெதுவாகப் போகும்போது ஒரு சின்ன ‘டர்ர்’ சத்தமும் கேட்கிறது. அது சரிதானா? பிரேக் ஒயில் காற்றெடுக்க வேண்டுமா?

கந்தளாய்_பாஸ்:

அந்தச் சத்தம் மொடியூல் மோட்டரைத் தானே ஓட்டிப் பார்க்கும் சோதனை, வரத்தான் வேண்டும். குழாயைக் கழற்றாததால் காற்றெடுக்கத் தேவையில்லை. முழு யூனிட்டையும் மாற்றியிருந்தால்தான் ஸ்கேனரால் வால்வைத் திறந்து திறந்து காற்றெடுக்க வேண்டி வந்திருக்கும். ஆனால் ஒயில் இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதென்றால் மாற்றிவிடுங்கள், அது ஈரத்தை இழுக்கும், உள்ளே வால்வு துருப்பிடிப்பது அதனால்தான். வாகனத்தின் பிரேக் ஒயில் டப்பா மூடியில் போட்டிருக்கும் டொட் 3 அல்லது டொட் 4, அதையே ஊற்றுங்கள்.

ஆள் நடமாட்டமில்லாத மண் ரோட்டில் வெறும் வாகனத்தோடு 40 வேகத்தில் ஒருதரம் இறுக்கி மிதித்துப் பாருங்கள். பெடல் காலில் அதிரவேண்டும், வாகனம் நேராக நிற்கவேண்டும். புது ஏர்த் போல்ட்டில் கிரீஸ் பூசுங்கள், மீன் இறக்கிய ஒவ்வொரு முறையும் செசியை நல்ல தண்ணியால் அடித்துக் கழுவுங்கள். பின்னால் எங்காவது வெல்டிங் வைப்பதென்றால் பற்றரியையும் மொடியூல் பிளக்கையும் கழற்றிவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.