கார்டைப் பக்கவாட்டில் இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது (மவுஸில் சரி, மொபைலில் மட்டும்)

கேள்வி:
வெப் ஆப்பில் ஒரு பட்டியல். கார்டை இடப்பக்கம் தள்ளினால் டெலீட் ஆகணும். பாயிண்டர்டவுன், பாயிண்டர்மூவ், பாயிண்டர்அப் (விரலோ மவுஸோ அழுத்துவது, நகர்வது, விடுவது) மூன்றுக்கும் கோட் இருக்கு. மவுஸில் கச்சிதம். ஆண்ட்ராய்டு க்ரோமில் விரலால் இழுத்தால் கொஞ்சம் நகர்ந்து அப்படியே நிற்கிறது. பாயிண்டர்அப் வருவதே இல்லை. மூவுக்குள் பிரிவென்ட்-டிஃபால்ட் (பிரவுசர் வழக்கமாகச் செய்வதைத் தடுக்கும் கட்டளை) போட்டும் பலனில்லை.

பதில் 1:
பாயிண்டர்கேன்சல் (இழுப்பு பாதியில் ரத்து என்று பிரவுசர் அனுப்பும் ஈவென்ட்) வருகிறதா என்று ஒரு லாக் போட்டுப் பாருங்க, அதுதான் வந்திருக்கும். விரல் நகர்ந்ததும் ‘இது ஸ்க்ரோல்’ என்று பிரவுசர் முடிவு கட்டி, கேன்சலை அனுப்பிவிட்டுத் தானே எடுத்துக்கொள்ளும். அதன்பின் அந்த விரலுக்கு மூவும் கிடையாது, அப்பும் கிடையாது. மவுஸ் இழுப்பு ஸ்க்ரோல் செய்யாது, அதனால் அங்கே வெளிப்படவில்லை. பாயிண்டர் ஈவென்ட்டில் பிரிவென்ட்-டிஃபால்ட் போட்டால் ஸ்க்ரோல் நிற்காது. அதைச் சொல்ல வேண்டிய இடம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் ஸ்டைல் கோட்).

கார்டுக்கு ‘டச்-ஆக்‌ஷன்: பான்-ஒய் பிஞ்ச்-ஜூம்’ கொடுங்க. மேல்-கீழும் ஜூமும் பிரவுசருக்கு, பக்கவாட்டு நமக்கு. ‘நன்’ (பிரவுசருக்கு எதுவும் இல்லை) வேண்டாம், கார்டில் விரல் பட்டால் பட்டியலே நகராது. விரல் படும் முன்பே இது இருக்கணும். பாயிண்டர்டவுனுக்குள் மாற்றினால் அந்த இழுப்புக்கு எடுபடாது.

கேன்சல் இனியும் வரும், சும்மா மேல்-கீழ் உருட்டினாலே வரும். அப்போது கார்டைப் பழைய இடத்துக்கே திருப்பணும், டெலீட் கூடாது. 10 பிக்சல் தாண்டும்வரை கார்டை அசைக்காதீங்க, இல்லாவிட்டால் சாதாரணத் தட்டலிலும் நடுங்கும்.

கேட்டவர்:
நன்றிங்க, இழுப்பு சரியாச்சு. ஆனா வலது ஓரத்தில் தொடங்கினால் ஆப் பின்னாடி போயிடுது?

பதில் 2:
அது போனின் வேலை. ஆண்ட்ராய்டு 10 முதல், ஜெஸ்சர் நேவிகேஷன் வைத்திருந்தால் இரு ஓரமும் ‘பேக்’தான். நேட்டிவ் ஆப்பில் (போனுக்கென்றே எழுதிய ஆப்) ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரம்வரை விலக்குக் கேட்கலாம். வெப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. கார்டை ஓரத்திலிருந்து 24 பிக்சலாவது உள்ளே தள்ளுங்க. கம்ப்யூட்டர் பிரவுசரின் மொபைல் எமுலேஷனில் (போன் போலக் காட்டும் வசதி) இந்த மோதல் தெரியாது, நிஜ போனில்தான் சோதிக்கணும்.

இன்னொன்று: ஒரு டெலீட் பட்டனும் வையுங்க. இழுப்பதை மட்டுமே நம்பினால் டபிள்யூசிஏஜி 2.2-இன் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வெப் பக்கங்களுக்கான வழிகாட்டி) 2.5.7 விதியில் மாட்டும். கை நடுங்குபவர்களுக்கு அந்தப் பட்டன்தான் வழி. ‘அன்டூ’ இல்லாத ஸ்வைப்-டெலீட்டை நான் ரிலீஸுக்கே விடமாட்டேன்.