கர்த்தத்துவமா, ஆட்சிப் பொறுப்பா? பிள்ளைகளுக்கு எந்த வேதத்திலிருந்து வசனம் சொல்லிக்கொடுப்பது?

நாசரேத்துக்காரன்:
எங்கள் ஊர்க் கோயிலில் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு எடுத்து வருகிறேன். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக ஏசாயா 9:6ஐ மனப்பாடம் செய்யச் சொன்னபோது, "கர்த்தத்துவம் அவர் தோளின்மேலிருக்கும்" என்ற இடத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கர்த்தத்துவம் என்றால் சிலுவையா என்று கேட்டாள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு வேதத்தில் அதே இடம் "ஆட்சிப் பொறுப்பு அவர் தோள்மேல் இருக்கும்" என்று விளக்கமே தேவைப்படாதபடி இருக்கிறது. ஆனால் சபையின் மூத்தவர்கள் பழைய வேதத்தைத் தவிர வேறெதிலும் வசனம் சொல்ல விடமாட்டார்கள். நான் என்ன செய்வது?

பாளை தமிழாசிரியர்:
தம்பி, மூத்தவர்கள் பழைய வேதம் என்று சொல்வது மிஷனரி பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பை. அதுவும் ஒரு காலத்தில் புதியதாக இருந்ததுதான். அதற்கு முன் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகள் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய மிஷனரி பெப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பைப் போற்றி வந்தன. அதில் இறைவன் "பராபரன்". 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயரோ, மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்தொடராமல் தமிழ் வழக்குக்கு இசைய எழுத வேண்டும் என்று வாதிட்டுப் புதிய ஏற்பாட்டைத் தாமே மொழிபெயர்த்தார். இந்த இழுபறியைத் தீர்க்கவே ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்தது; அதில் பராபரனுக்குப் பதிலாகத் "தேவன்" என்ற சொல் நின்றது. இன்று தேவன் போய்க் "கடவுள்" வருவதைத் தாங்க முடியாதவர்களிடம் இந்தக் கதையைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

உவரிக் கடற்கரை:
நாங்கள் கத்தோலிக்கர் என்பதால் இதைவிடப் பெரிய மாற்றத்தைப் பார்த்துவிட்டோம். என் பாட்டிக்குக் கடவுள் என்றால் சர்வேசுரன், இயேசு என்றால் சேசு, யோவான் என்றால் அருளப்பர், பவுல் என்றால் சின்னப்பர்தான் தெரியும். பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு கோயிலில் வாசிக்கப்பட்ட யோவானையும் பவுலையும் வேறு யாரோ இரண்டு பேர் என்றே அவர் கடைசிவரை நினைத்திருந்தார். வாசகம் எளிதாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சின்னப்பன் என்ற பெயர் வேதத்தில் இல்லாமல் ஊரில் மட்டும் தங்கிவிட்டதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

மெய்ஞ்ஞானபுரத்து வாசகி:
அண்ணாச்சி, கர்த்தத்துவம் அவ்வளவு ஆபத்தான சொல்லாக எனக்குத் தோன்றவில்லை. புரியவில்லை என்பது பிள்ளைக்கே தெரிவதால் அவள் எழுந்து கேட்டுவிடுகிறாள். புரிந்ததுபோல் ஏமாற்றும் சொற்களைத்தான் நாம் கவனிக்க வேண்டும். இருபத்துமூன்றாம் சங்கீதத்தில் "நான் தாழ்ச்சியடையேன்" என்பதை, யாரும் என்னைத் தாழ்த்த முடியாது என்ற பொருளிலேயே நாற்பது வயது வரை நான் சொல்லி வந்தேன். அங்கே தாழ்ச்சி என்பது குறைவு, இல்லாமை. பொது மொழிபெயர்ப்பு "எனக்கேதும் குறையில்லை" என்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொள்ளப் பழைய வேதத்தை விட்டு வெளியே போகவேண்டிய அவசியமும் இல்லை: சங்கீதம் 34:10இல் சிங்கக்குட்டிகள் "தாழ்ச்சியடைந்து பட்டினியாயிருக்கும்" என்று வருகிறது, அடுத்த அடியே, கர்த்தரைத் தேடுகிறவர்களுக்கு நன்மை "குறைவுபடாது" என்று பொருளையும் சொல்லிவிடுகிறது. மரியாதை வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பழையதில் ஆபிரகாம் "விசுவாசித்தான்", புதியதில் "நம்பிக்கை கொண்டார்". முன்னோர் அவரை அவமதிக்கவில்லை. அவர்களுடைய எழுத்து நடையில் பன்மை விகுதி கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. என் யோசனை, மனப்பாடத்துக்குப் பழையது, பொருள் சொல்லப் புதியது என்பதே. "மாயை, மாயை, எல்லாம் மாயை" என்பதற்குப் பதிலாக "வீண்" என்று சொன்னால் பொருள் தெளிவாகிறது, காது மட்டும் ஒப்புவதில்லை.

பாளை தமிழாசிரியர்:
உண்மை, அம்மா. அசனப் பண்டிகைக்குப் போகும் எந்தப் பிள்ளையும் அசனம் என்றால் என்னவென்று அகராதியில் பார்ப்பதில்லை. பந்தியில் உட்கார்ந்ததும் தெரிந்துவிடுகிறது.

நாசரேத்துக்காரன்:
அனைவருக்கும் நன்றி. மேடையில் கர்த்தத்துவம் என்றே சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இரண்டு வேதங்களையும் விரித்துவைத்து அந்த ஒரு வசனத்தை மட்டும் படிக்கப்போகிறோம். தாழ்ச்சியடையேன் என்பதற்கு நானும் இவ்வளவு நாள் தவறாகத்தான் பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதையும் அன்றைக்கே திருத்திவிடுகிறேன்.