இன்ஃப்ளேமபிள்: தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

கேள்வி:
பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்' முன்னால் வந்தால் எதிர்ச்சொல் (இன்ஆக்டிவ், இன்கரெக்ட்) என்றுதானே படித்தோம்? அப்படியானால் தீப்பிடிக்காது என்றல்லவா ஆகிறது? இன்வேல்யுவபிள் என்றாலும் மதிப்பில்லாததா?

பதில் 1:
தீப்பிடிக்கும், அதுவும் சட்டென்று. லத்தீனிலிருந்து வந்த 'இன்' இரண்டு உண்டு. ஒன்று 'அல்லாத'. மற்றது 'உள்ளே': இன்ஜெக்ட், இன்ஹேல் போல. இன்ஃப்ளேம் (தீ மூட்டு) என்ற வினையோடு 'ஏபிள்' ஒட்டியதுதான் இந்தச் சொல். இன் + ஃப்ளேமபிள் என்று பிரித்தால் தப்பு.

வாலை வெட்டிப் பாருங்கள். மிச்சம் ஒரு வினையாக நின்றால் பெரும்பாலும் 'உள்ளே' வகை. இன்ஹேபிட்டபிள் என்றால் குடியிருக்கத் தக்கது; அதன் எதிர்ச்சொல் அன்இன்ஹேபிட்டபிள். இன்க்யூரபிள் (குணமாகாத) மட்டும் ஏமாற்றும். வாலை வெட்டினால் எழுத்தளவில் இன்கர் (செலவு, இழப்பு போன்றவற்றுக்கு ஆளாகு) என்ற வினை கிடைக்கும், ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

பதில் 2:
லேபிள் எழுதுபவர்கள் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள். இந்தக் குழப்பத்தால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே அந்த வடிவத்தை வலியுறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதையே பரிந்துரைத்தது. தீப்பிடிக்காததற்கு நான்ஃப்ளேமபிள்.

பதில் 3:
இன்வேல்யுவபிளில் இருப்பது 'அல்லாத' இன்தான். ஆனால் மறுக்கப்படுவது மதிப்பு அல்ல, மதிப்பிட முடிவது. தமிழிலும் இதே கூத்து உண்டே: 'மதிப்பில்லாத' என்றால் குப்பை, 'விலைமதிப்பில்லாத' என்றால் பொக்கிஷம். குப்பைக்கு ஆங்கிலத்தில் வேல்யூலெஸ். இன்ஃபேமஸும் இப்படித்தான். பேர் தெரியாதவன் இல்லை, கெட்ட பேர் எடுத்தவன்.

கேட்டவர்:
நன்றி. இம்பாஸிபிள், இல்லீகல், இர்ரெகுலர் எல்லாம் வேறு முன்னொட்டுகளா?

பதில் 3:
எல்லாம் அதே 'இன்'. மரம் + கள் மரங்கள் ஆவதுபோல, அடுத்த எழுத்துக்கு ஏற்பத் திரிகிறது: பி, எம் முன்னால் இம், எல் முன்னால் இல், ஆர் முன்னால் இர். இல்லீகலில் இரண்டு எல், இர்ரெகுலரில் இரண்டு ஆர் வருவதும் அதனால்தான். ஒன்று முன்னொட்டுடையது, ஒன்று சொல்லுடையது. 'அன்' இங்கிலீஷின் சொந்தச் சரக்கு, எழுத்தில் திரியாது: அன்பாப்புலர், அன்ரியல்.

'உள்ளே' என்று பொருள் தரும் 'இன்' முன்னொட்டும் இப்படியே திரியும். இம்மிகிரன்ட் (உள்ளே குடியேறுபவர்) இரண்டு எம். வெளியேறும் எமிகிரன்ட்டில் இருப்பது 'எக்ஸ்' தேய்ந்த 'இ', அதனால் ஒரே எம்.